அரை லிட்டர் பால் பொங்கும் நேரம்

என்னைப் பார்த்து "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று கும்பிட்டுச் சொன்ன ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. சொல்லும்போது அவர் லுங்கி கட்டியிருந்தார். கேட்கும்போது நான் கையில் பாத்திரம் தேய்க்கிற நாரை வைத்திருந்தேன்.

அவர் குடும்பத்துக்கு நான் நாற்பது வருசத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். முதலில் அவர் அப்பாவின் கழனியில் நடவு, களை, கரும்பு வெட்டு. அப்புறம் மாட்டுக் கொட்டகை. பெரியவர் காலத்தில் எனக்கு அந்த வீட்டின் பின்பக்க வாசல் வரைக்கும்தான் பாதை. அங்கே வந்து நிற்க வேண்டும். கூப்பிடுகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. பெரியவர் போன பிறகு மகன் காலம் வந்தது. மருமகள் சங்கராபுரத்தில் டீச்சர். காலையில் ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் நான் சமையல்கட்டுக்குள் வந்தேன். உங்கள் ஊரில் சமத்துவம் வந்துவிட்டதா, டீச்சரம்மாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று யாராவது கேட்டால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் சொல்வேன்.

அவர் ஜெயித்து முதல் முறையாகச் சட்டசபையில் பேசியதை டிரைவர் போனில் எல்லோரும் பார்த்தோம். எழுந்தார். கட்சித் தலைவரை வணங்கினார். தலைவரைப் பெற்றவர்களை வணங்கினார். ஓட்டுப் போட்ட தாய்மார்களை வணங்கினார். ஓட்டுப் போடாதவர்களையும் வணங்கினார். ஒரு செய்யுள் சொன்னார். கல்வராயன் மலை எவ்வளவு அழகு என்று சொன்னார். "இந்த நேரத்திலே நான் கேட்டுக்கொள்ள விரும்புவது" என்று ஆரம்பித்தார். மணி அடித்தது. உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் முன்கூடத்தில் கட்சிக்காரர்கள் சால்வையோடு வரிசையில் நின்றார்கள். "பின்னிட்டீங்க தலைவரே" என்றார்கள். மறுநாள் காலை டீக்காகச் சமையல்கட்டுக்கு வந்தவர் என்னையும் கேட்டார்.

"எப்பிடி ஆயா இருந்துச்சி?"

அவர் பிள்ளைகள் என்னை ஆயா என்று கூப்பிட, அவரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்.

"நல்லா கும்புட்டீங்க தம்பி."

"அது சரி. பேச்சு எப்பிடி?"

"நாலு நிமிசத்துல மூணே முக்கா நிமிசம் கும்புட்டா, மிச்சம் கால் நிமிசத்துல எந்த சாமி தம்பி வரம் குடுக்கும்?"

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். சரி, நமக்கு இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்து நான் கைகூடக் கழுவிவிட்டேன். அரைமணி நேரம் கழித்து ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார்.

"அப்ப எதை எடுக்கலாம், சொல்லு."

அன்றைக்குத்தான் எங்கள் சபை கூடியது.

எதிர்க்கட்சி உறுப்பினருக்குப் பேசக் கிடைப்பது நாலு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. நேரம் பார்க்க முதலில் போனை வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம் பேசுவதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். காதுகுத்து, ஸ்டேஷன் தகராறு, கல்யாணப் பத்திரிகை. போனைக் கொண்டுபோய் டிரைவரிடம் கொடுத்தார். சுவர்க் கடிகாரம் முன்கூடத்தில் இருக்கிறது. அங்கே போனால் பேசுவதற்கு முன்பே கை தட்டுவார்கள். நான்தான் வழி சொன்னேன்.

"இந்தச் சின்ன அடுப்புல, இந்தச் சட்டியில, அரை லிட்டர் பால் வெச்சா எம்மா நேரத்துல பொங்குதுன்னு பாருங்க."

மூன்று நாள் போனை வைத்துப் பார்த்தார். நாலு நிமிடம். கொஞ்சம் முன்னே பின்னே. அதற்கப்புறம் எங்களுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. அடுப்பைப் பற்றவைத்ததும் அவர் ஆரம்பிப்பார். பால் பொங்கி விளிம்புக்கு வந்ததும் நான் கரண்டியால் டம்ளரை ஒரு தட்டுத் தட்டுவேன். டங். எந்தச் சொல்லில் இருந்தாலும் நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். சமையல்கட்டில் நாற்காலி கிடையாது. அரிசி டிரம் மேல் உட்காருவார்.

நடவுக்குத் தாமதமாக வந்தேன் என்று இவர் அப்பா என்னைக் களத்து வெயிலில் நிற்கவைத்த நாள் ஒன்று உண்டு. அதே வீட்டில், அதே மனிதரின் மகனை, ஒரு கரண்டியால் உட்காரவைத்தேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆளுங்கட்சி வரிசையும் நான்தான். அவர் பேசும்போது இருமுவேன். குண்டானைக் கீழே போடுவேன். "உங்க ஆட்சியில இன்னா கிழிச்சீங்க?" என்று கத்துவேன். ஆரம்பத்தில் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"அவங்க இப்பிடியெல்லாம் கேக்க மாட்டாங்க ஆயா."

"கேட்டா இன்னா பண்ணுவீங்க? இப்ப மூஞ்சி செவந்து நிக்கிறீங்களே, அதுலயே அர நிமிசம் பூடுச்சி பாருங்க. பால் உங்களுக்காக நிக்கிதா?"

கீரையில் தண்டை ஒடித்துப் போடுகிற மாதிரி வணக்கங்களை ஒடித்துப் போட்டோம். தலைவருக்கு ஒன்று, மக்களுக்கு ஒன்று. செய்யுள் வேண்டாம். மலையின் அழகு வேண்டாம். அது அங்கேயே இருக்கிறது, எங்கேயும் போகாது. இரண்டாவது கூட்டத்தில் அவர் மூன்று கோரிக்கைகளைச் சொல்லி முடித்துவிட்டு, மணிக்கு முன்பே தானாக உட்கார்ந்தார். சபையே திரும்பிப் பார்த்ததாம்.

ஒரு நாள் அவரிடம் கேட்டேன்.

"இம்மாம் பாடுபட்டுப் பேசுறீங்களே தம்பி, கேட்டதுல எதுனா குடுத்தாங்களா?"

டிரம் மேல் உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"குடுக்கறது அவங்க ஆயா. நம்மளால கேக்கத்தான் முடியும். ஆனா அங்க கேட்டா புக்குல ஏறும். ஒரு எழுத்து வுடாம அச்சடிப்பாங்க. நாளைக்கி எவனும் வந்து, 'இது வேணும்னு யாரும் எங்ககிட்ட கேக்கவே இல்லியே'ன்னு சொல்ல முடியாது."

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். புத்தகத்தில் ஏறுவதைப் பற்றி அதுவரைக்கும் நான் யோசித்ததே இல்லை. அன்றைக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். கேட்டோம் என்று எழுதி வைக்கிற ஓர் இடம். எங்கள் தெருவில் பிறந்து செத்தவர்கள் யாரும் எதையும் கேட்டதாக எங்கேயும் எழுதியிருக்காது.

எங்கள் தெரு என்றேன். அது ஓடைக்கு அந்தப் பக்கம். கச்சிராயபாளையம் ரோட்டிலிருந்து இறங்கினால், தார் ரோடு ஓடைக்குள் இறங்கி மறுபடியும் மேலே ஏறும். அதைத் தரைப்பாலம் என்று பேர் வைத்து அழைக்கிறார்கள். தண்ணீர் இல்லாத நாளில் அது ரோடு. தண்ணீர் வந்தால் அது ஓடை. பாலமாக அதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இங்கே மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. மலை கறுத்தால் போதும். கீழே பளீரென்று வெயில் அடிக்கும், ஒரு மணி நேரத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் இடுப்பளவு வரும்.

என் வீட்டுக்காரருக்கு இடது கையும் காலும் விழுந்து நாலு வருசம் ஆகிறது. கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தால் உட்காருவார். தானாக எழ முடியாது. பிள்ளைகள் பெங்களூரிலும் ஓசூரிலும். பேரப்பிள்ளைகள் போனில் வந்து கையாட்டுவார்கள். நான் காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு வேலைக்கு வருவேன். மதியத்துக்குள் திரும்பிவிடுவேன். அதுதான் எங்கள் ஏற்பாடு.

போன ஐப்பசியில் ஒரு மதியம் திரும்ப முடியவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் கரும்புக்குப் போன பெண்கள் எல்லோரும் என்னோடு நின்றார்கள். அந்தப் பக்கம் தெருவில் இருந்ததெல்லாம் கிழங்கள். தண்ணீர் வடிய மறுநாள் காலை ஆகிவிட்டது. போய்ப் பார்த்தால், ஓடு ஒழுகி, கட்டில் நனைந்து, அதிலிருந்து நகரப் பார்த்துக் கீழே விழுந்து, அந்த ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"தண்ணி ஜாஸ்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாய்யா."

"நெனச்சேன்."

இதை நான் எம்.எல்.ஏ.விடம் சொல்லவில்லை. ஒரு நாள் லீவு ஏன் என்று டீச்சரம்மா கேட்டபோது, ஓடையில் தண்ணீர் என்றேன். அவ்வளவுதான்.

பங்குனி வாக்கில் பட்ஜெட் கூட்டம் வந்தது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு நாள் விவாதம். அதை மானியக் கோரிக்கை என்பார்கள். கிராமத்து ரோடு, பாலம் எல்லாம் வருகிற துறைக்கு அவர் கட்சியிலிருந்து அவரைப் பேசச் சொல்லியிருந்தார்கள். துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். ஜன்னல் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது எழுத்துக் கூட்டிப் படித்தேன். மலைப் பாதையில் தடுப்புச் சுவர். மலைமேல் ஒரு கிராமத்துக்கு ரோடு. கரும்பு லாரி போய்க் குழியான ரோடு. பஸ் நிற்கிற இடத்தில் நிழற்கூடம். கடைசியில், ஐந்தாவதாக, எங்கள் ஓடையின் பேர். அதற்குப் பக்கத்தில் உயர்மட்டப் பாலம் என்று எழுதியிருந்தது.

அவருக்கு எங்கள் ஓடை ஞாபகம் இருந்தது. ஆனால் ஐந்தாவதாக ஞாபகம் இருந்தது. அவர்மேல் குறை சொல்ல முடியாது. பெரிய ஊர் முதலில், சின்னத் தெரு கடைசியில் என்று எல்லோரும் எழுதுகிற மாதிரிதான் எழுதியிருந்தார். எங்கள் தெருவில் ஓட்டுக் கம்மி.

முதல் நாள் ஒத்திகையில் நிழற்கூடத்தில் இருக்கும்போதே பால் பொங்கிவிட்டது. டங். இரண்டாம் நாளும் அப்படித்தான். என் கையால் நானே என் பாலத்துக்கு மணி அடித்தேன்.

"அஞ்சாவது வர மாட்டேங்குதே" என்று சீட்டைப் பார்த்தார். "பாலத்தை வேணும்னா எடுத்துடலாமா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், 'தம்பி, அது எங்க ஓடை, அதை மொதல்ல சொல்லுங்க' என்று சொல்லியிருப்பார்கள். வாயில் வந்தது. பின்பக்க வாசலில் நின்ற காலத்து வாய் அது, திறக்கவில்லை. ஊர் உலகத்தையெல்லாம் கேலி பேசுகிற எனக்கு, எனக்கென்று ஒன்று கேட்க வரவில்லை.

"இருக்கட்டும் தம்பி. நாளைக்கிப் பாக்கலாம்" என்றேன்.

மறுநாள் காலை பால் கறந்து வந்ததும், சட்டியில் அரை லிட்டர் ஊற்றினேன். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இன்னும் ஒரு டம்ளர் ஊற்றினேன். அடுப்புக் குமிழை ஒரு மயிரிழை குறைத்தேன்.

அவர் பேசினார். தடுப்புச் சுவர், மலை ரோடு, லாரி ரோடு, நிழற்கூடம். நான் இருமினேன், குண்டானைப் போட்டேன், ஒன்றும் குறைவைக்கவில்லை. பால் ஓரத்தில் லேசாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அவர் எங்கள் ஓடையின் பேரைச் சொன்னார். பாலம் வேண்டும் என்றார். நன்றி சொல்லி அமர்ந்தார். அதற்கப்புறம்தான் பால் பொங்கியது.

"பாத்தியா ஆயா! வந்துடுச்சி!"

"நீங்க இன்னிக்கி நல்லா வேகமா பேசினீங்க தம்பி" என்றேன்.

நாலு நாள் இப்படியே நடந்தது. அவருக்கு நம்பிக்கை வந்து, நிதானமாகக்கூடப் பேச ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. ஆனால் சமையல்கட்டில் என் ஓடையின் பேரை நாலு முறை கேட்டுவிட்டேன். அது காதுக்கு நன்றாக இருந்தது. சென்னையில் இருக்கிற மணிக்கு என் பால் கணக்குத் தெரியாது என்பதை நான் யோசிக்காமல் இல்லை. எப்படியாவது ஓடிவிடும் என்று நினைத்தேன். குடிசை போட்டவர்கள் எல்லோரும் மழையைப் பற்றி நினைக்கிற மாதிரிதான்.

அவர் சென்னைக்குப் போனார். மறுநாள் டிரைவர் போனில் காட்டினான். வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்றார். ஒரே ஒரு வணக்கம். தடுப்புச் சுவரைச் சொன்னார். மலை ரோட்டைச் சொன்னார். நிதானமாக, ஒரு டம்ளர் பால் அதிகம் வைத்த அடுப்புக்கு முன்னால் பேசுகிற மாதிரி பேசினார். லாரி ரோடு முடிந்து நிழற்கூடத்தை ஆரம்பித்தார். மணி அடித்தது. அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அடுப்பைப் பார்க்கிற பார்வை. "இன்னும் ஒரே ஒரு கோரிக்கை" என்றார். மைக் நின்றுவிட்டது. வாய் மட்டும் அசைந்தது. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"கடைசியில இன்னா சொல்ல வந்தாருன்னு தெரியல ஆயா" என்றான் டிரைவர்.

"எனக்குத் தெரியும்" என்றேன். அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

இதோடு போயிருந்தால் என் திருட்டு என்னோடு போயிருக்கும். ஆனால் ஊருக்கு வந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார். தனக்குக் கொடுத்த நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றார். முன்கூடத்தில் இருந்தவர்கள் அதை ஊதிப் பெரிசாக்கினார்கள். கள்ளக்குறிச்சியில் ஆர்ப்பாட்டம் வைக்கலாம் என்றார் ஒருவர். போஸ்டருக்கு வாசகம் சொன்னார் ஒருவர். எதிர்க்கட்சியின் குரலை நெரிக்கிறார்கள் என்று பேரவைத் தலைவருக்குக் கடிதம் எழுதி, அதைப் பத்திரிகைக்கும் கொடுப்பதாக முடிவாயிற்று. கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தார், படித்துக் காட்ட. டீச்சரம்மா பஸ்ஸுக்குப் போயிருந்தார்.

"இதைக் கேளு ஆயா. நாலு நாள் ஒத்திகை பாத்து, பால் கணக்கா பேசிக்கினு போனேன். அங்க அர நிமிசம், முக்கா நிமிசம் வெட்டிட்டாங்க. நீயே சாட்சி."

நான் சாட்சி! கையிலிருந்த நாரைக் கீழே வைத்தேன்.

"தம்பி, அந்த லெட்டரை அனுப்பாதீங்க."

"ஏன்?"

"அங்க மணி அடிச்சவரு சரியாத்தான் அடிச்சாரு. தப்பா அடிச்ச சபாநாயகரு நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. சட்டியை எடுத்துக் காட்டினேன். உள்பக்கம் பால் ஏறிய கறை இரண்டு கோடாக இருந்தது. தேய்த்தும் போகாத பழைய கோடு கீழே, புதிதாக விழுந்த கோடு மேலே. விரலை வைத்துக் காட்டினேன்.

"இது அர லிட்டரு. இது நான் ஊத்துனது."

கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் அப்பாவின் மூஞ்சி ஒரு நொடி வந்து போனது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எதுக்கு ஆயா?"

"அஞ்சாவது வரட்டும்னு."

"அது உங்க ஓடையா?" என்றார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா மொதல்ல போட்டிருப்பேனே. என்னை இம்மாம் கிண்டல் பண்ற வாயி, இதைக் கேக்காதா?"

"இந்த வூட்டுல கேட்டுப் பழக்கம் இல்ல தம்பி. கூப்புட்டா பேசித்தான் பழக்கம்."

அவர் அரிசி டிரம் மேல் உட்கார்ந்தார். யாரும் மணி அடிக்காமலேயே. கடிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். அது அப்புறம் எங்கேயும் போகவில்லை. முன்கூடத்துக்காரர்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என் பேரைச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, அடுப்பில் பாலை அவரே வைத்தார். மழை வெள்ளம் சம்பந்தமான துறை விவாதத்துக்கு வருகிறதாம். அவர் கட்சியில் இன்னொருவருக்குக் கொடுத்த நேரத்தில் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறாராம்.

"கால் லிட்டருதான் ஊத்தியிருக்கேன். நீ பேசு."

"நான் இன்னா பேசறது?"

"உறுப்பினர் நீ. சபாநாயகர் நான். ஆரம்பி." கரண்டியையும் டம்ளரையும் அவர் எடுத்துக்கொண்டார்.

சிரித்தேன். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, உங்க லுங்கி அவுறுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு கேலி தேடினேன், கிடைக்கவில்லை. எனக்கு அப்படி ஆனதே இல்லை. பால் ஓரத்தில் குமிழ் விடத் தொடங்கிய பிறகுதான் வாய் வந்தது.

"மலை கறுத்தா எங்க ஓடையில தண்ணி வருது. வந்தா இந்தப் பக்கம் இருக்கறவங்க இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இருக்கறவங்க அந்தப் பக்கம். என் வூட்டுக்காரருக்குக் கை காலு வராது. போன ஐப்பசியில கீழ வுழுந்து வெடியற வரைக்கும் ஈரத்துல கெடந்தாரு. நான் இக்கரையில நின்னுக்கினு இருந்தேன். வூடு கண்ணுக்குத் தெரியுது. கூப்புட்டா கேக்கற தூரம். கூப்புட்டேன். தண்ணி சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்காது. எனக்கு ரோடு வாணாம், நெழலு வாணாம். வெயில்ல நின்னு பழக்கம். நடந்து வூட்டுக்குப் போறதுக்கு ஒரு பாலம் வோணும்."

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. அவர் டம்ளரைத் தட்டவில்லை. கரண்டி கையிலேயே இருந்தது.

"மணி அடிக்கலியே தம்பி" என்றேன். "பால் எல்லாம் பாழு. அடுப்பை யாரு தொடைக்கறது?"

அவரே துடைத்தார். நன்றாகத் துடைக்கவில்லை. நான் மறுபடியும் துடைத்தேன்.

சட்டசபையில் அவர் அதைச் சொன்னார். 'என் தொகுதியிலே ஒரு தாய்' என்று ஆரம்பித்தார். வாணாம் என்பதையெல்லாம் வேண்டாம் என்று மாற்றியிருந்தார். மற்றபடி என் பேச்சுதான். ஆளுங்கட்சிப் பக்கம் யாரும் இருமவில்லை. நான் எவ்வளவு இருமியிருக்கிறேன், அதற்காக வெட்கமாக இருந்தது. மணிக்கு முன்பே உட்கார்ந்தார். அமைச்சர் எழுந்து, நிதிநிலைக்கு ஏற்ப முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும் என்றார்.

"அப்பிடின்னா இன்னா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லன்னு சொல்லல ஆயா."

"குடுக்கறேன்னும் சொல்லல."

"ஆமா. ஆனா கேட்டோம்."

அச்சான பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். ஒரு சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்கு எழுத்துக் கூட்டிப் படித்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை.

"நான் வுழுந்தது கூட இதுல இருக்குதா?"

"இருக்குதுய்யா."

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன்." வலது கையால் காகிதத்தைத் தடவிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். பேரு போடலதான?"

"போடல."

"பாலம்?"

"அது இன்னும் அச்சாவல."

வைகாசியில் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். டேப் பிடித்து அளந்தார்கள். ஓடைக்கு இரண்டு பக்கமும் கல் நட்டு, சிவப்புப் பெயிண்டில் ஏதோ எண் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. எம்.எல்.ஏ. கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு முறை போய் வந்தார். தினமும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "கல்லு இருக்குதா?" இருக்குது என்பேன். பெயிண்ட் மட்டும் கொஞ்சம் மங்கிவிட்டது.

சமையல்கட்டில் சபை இன்னமும் கூடுகிறது. ஆனால் இப்போது பாலை அவர்தான் அளந்து ஊற்றுகிறார். என்னிடம் கரண்டி மட்டும்தான். நான் அதில் தப்புச் சொல்ல முடியாது.

இந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கரண்டிதான் கையில். அவர் கரும்பு ஆலைப் பிரச்சினையைப் பேசிக்கொண்டிருந்தார், பால் இன்னும் குமிழ்கூட விடவில்லை. பின்பக்க வாசல் வழியாகப் பார்த்தேன். நம் பக்கம் வெயில். மலை மேல் கறுப்பாக இறங்கியிருந்தது. முன்பெல்லாம் இப்படிப் பார்த்தால் கையை வேகமாக ஓட்டுவேன். பாத்திரம் முடியட்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டி முடியட்டும், யாராவது 'போ' என்று சொல்லட்டும் என்று.

டம்ளரைத் தட்டினேன். டங்.

"இன்னும் பொங்கலியே ஆயா!"

"மலை கறுத்துக்கினு வருது தம்பி. நான் வூட்டுக்குப் போவணும். பாத்திரம் நாளைக்கிதான். அவை நாளைக் காலை வரைக்கும் ஒத்திவைக்கப்படுது."

அவர் மலையைப் பார்த்தார். அரிசி டிரம்மிலிருந்து எழுந்து அடுப்பை அணைத்தார்.

"போ போ, சீக்கிரம் போ. டிரைவரைக் கூட்டிக்க."

டிரைவர் தரைப்பாலம் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டான். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. செம்மண் நிறம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நட்ட கல்லைப் பார்த்துக்கொண்டே கடந்தேன். நடு ஓடையில் முழங்காலைத் தொட்டது. அந்தக் கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது இந்தக் கரைக் கல்லின் அடி நனைந்துவிட்டிருந்தது.

வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சீக்கிரம் வந்துட்ட? அனுப்பிட்டாங்களா?"

"இல்லய்யா. கேட்டுக்கினு வந்தேன்" என்று சொல்லி, அடுப்பில் கஞ்சியை வைத்தேன்.